ஜாக்கிக்கு யார் தைப்பது

அந்தத் தையல்கடைக்கு நடுவில் சுவர் கிடையாது. துணி வெட்டுகிற நீள மேசை ஒன்றுதான் உண்டு. மேசைக்கு வாசல் பக்கம் ஆண்கள் துணி, அது மாஸ்டர் பாடு. உள்பக்கம் பெண்கள் துணி, அது மாஸ்டரம்மா பாடு. கல்யாணமான புதிதில் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஆண் துணியில் அவள் கை வைக்க மாட்டாள், பெண் துணியில் அவர் மூக்கை நுழைக்க மாட்டார். இப்படியே ஒரு மகளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. புருஷன் பெண்டாட்டி நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தால் ரகளைக்குக் கேட்கவா வேண்டும்? இங்கே அது நடக்காமல் போனதற்கு அந்த மேசைதான் காரணம்.

நடக்காமல்தான் இருந்தது, ஒரு புது வாடிக்கையாளர் வந்து சேரும் வரைக்கும். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த மனிதர் பேசாமல் அளவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொக்கியில் தொங்கிய நீல கவுனைப் பார்த்து, "அடடே, இதுவும் நீங்க தைச்சதா?" என்று கேட்டுத் தொலைத்தார். மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். கவ்வியபடியே சொன்னார்:

"கடையில எல்லாம் நம்ம கைதான். அவ கூடமாட ஒத்தாசைக்கு இருக்கா."

நீல கவுனை வெட்டியவள், தைத்தவள், அதன் கழுத்துக்கு மூன்று முறை பிரித்துப் பிரித்து வடிவம் கொண்டுவந்தவள் மேசைக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கூடமாட ஒத்தாசையாம். வீடு பெருக்க வந்தவளைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. யாராவது ஒரு வெளியாளுக்கு முன்னால் இந்த மனுஷன் வாயைத் திறந்து 'இவளும் என்னைப்போல ஒரு தையல்காரி' என்று சொல்லட்டும், அதுவரைக்கும் இவரோடு ஒரு வார்த்தை கிடையாது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

மாஸ்டருக்கு விஷயம் என்னவென்றே தெரியவில்லை. முதல் நாள் "என்னாச்சு?" என்று கேட்டார். பதில் இல்லை. இரண்டாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாள் அவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, நீ பேசாவிட்டால் நான் மட்டும் பேச வேண்டும் என்று எழுதியா வைத்திருக்கிறது என்று அவரும் உர்ரென்று ஆகிவிட்டார். அப்புறம் பேச்செல்லாம் சாமான்கள் வழியாகத்தான். "இஸ்திரிப் பெட்டியே, சாப்பாடு எடுத்து வச்சிருக்கு, ஆறிப்போகும்" என்பாள் இவள். "கத்திரிக்கோலே, எனக்குப் பசிக்கல" என்பார் அவர், சொல்லிவிட்டு எழுந்துபோய் வயிறு முட்டச் சாப்பிடுவார். மகள் போன் பண்ணும்போதெல்லாம், "ரெண்டு பேரும் என்ன சின்னப் பிள்ளைங்களா? அப்பாகிட்ட பேசும்மா" என்று கெஞ்சினாள். "உங்கப்பாவுக்கு வாய் இருக்குல்ல, அவரு முதல்ல பேசட்டும்" என்று இவள் போனை வைத்துவிடுவாள்.

இந்த லட்சணத்தில்தான் சீட்டாட்டக் கிளப்பின் செயலாளர் கடைக்கு வந்தார். ஆள் நல்ல பருமன், ஆனால் பேச்சிலும் நடையிலும் அப்படி ஒரு வேகம்.

"எங்க கிளப்புக்கு ஆண்டு விழா மாஸ்டர். பெரிய கூடத்துல ஆளுங்களே சீட்டா நின்னு ஆடப் போறோம். நம்பர் சீட்டுன்னா கையில அட்டை பிடிச்சா போதும். படச்சீட்டு பன்னிரண்டுக்கும் உடை வேணும், நீங்கதான் தைக்கணும்" என்று ஒரு புதுச் சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்தார்.

"யாருக்கு அளவு எடுக்கணும்?" என்றார் மாஸ்டர்.

"அளவே வேண்டாம். யாரு எந்தச் சீட்டுன்னு அன்னைக்குக் குலுக்கிப் போட்டாத்தான் தெரியும். குண்டானவங்களும் வரலாம், குச்சியானவங்களும் வரலாம், ஆம்பளைக்கு ராணி விழுந்தாலும் விழும். அதனால தாராளமா வச்சு, பின்னால நாடா போட்டுடுங்க. ராஜா ராணி எல்லாம் படத்துல இருக்கு, பார்த்துத் தைச்சிடுங்க." அதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே படியிறங்கிப் போயே விட்டார்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே வாழ்க்கையில் சீட்டைத் தொட்டதில்லை. மாஸ்டருடைய அப்பா சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே பெல்ட்டைக் கழற்றுகிறவர். இவளுக்கோ ஆடுவதற்கு நேரம் வாய்த்ததே இல்லை. கட்டைப் பிரித்து, படம் போட்ட பன்னிரண்டு சீட்டையும் மேசைமேல் பரப்பிவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். மூலையில் ஏதோ ஆங்கில எழுத்து இருந்தது, அது கம்பெனி அடையாளமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மாஸ்டர் கிரீடமும் தாடியுமாக இருந்த நாலு பேரை எடுத்துக்கொண்டார். மாஸ்டரம்மா கையில் பூ வைத்திருந்த நாலு பேரை எடுத்துக்கொண்டாள். மிச்சம் நாலு சீட்டு மேசை நடுவில் கிடந்தது.

தொப்பி, தோள்வரைக்கும் சுருண்ட முடி, வழவழவென்று முகம். இரண்டு பேருக்கு உதட்டுக்கு மேலே மெல்லிசாக ஒரு கோடு இருந்தது, மீசை என்றால் மீசை, அச்சுப் பிசகு என்றால் அச்சுப் பிசகு. இரண்டு பேர் பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண்ணால் எங்கேயோ பார்த்தார்கள். மாஸ்டரம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ராஜாவுக்கும் ராணிக்கும் பிறந்த பிள்ளைகள். மீசை இன்னும் சரியாக முளைக்காத இளவரசர்கள். ஆண் துணி, அவர் பாடு. அந்த நாலையும் மேசைக்கு மேலே ஓடிய கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள், அவருக்குக் கண்ணில் படட்டும் என்று. மாஸ்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வேலை ஆரம்பித்த பிறகு அவளுக்கு அந்த ராணிகளை நிரம்பப் பிடித்துப்போனது. முதலில் நாலு பேரும் ஒரே அச்சு என்றுதான் நினைத்தாள். பார்க்கப் பார்க்க ஒவ்வொருத்திக்கும் ஒரு தினுசு தெரிந்தது. கறுப்பில் ஒருத்தி மட்டும் பூ போதாதென்று ஒரு கோலையும் பிடித்திருந்தாள். வீட்டுச் சாவி இவளிடம்தான் இருக்கும் என்று மாஸ்டரம்மா தீர்மானித்து, அவளுக்கு மட்டும் தோளில் ஒரு மடிப்பு கூடுதலாக வைத்தாள். அந்தக் கோலை உயர்த்திப் பிடிக்க வேண்டுமே என்று அக்குளை இரண்டு முறை வெட்டிப் பார்த்தாள். திருப்தி வராமல் மூன்றாம் முறை குறுக்கே ஒரு துண்டு சேர்த்தாள்.

இன்னொன்றும் கவனித்தாள். இந்த ராஜகுடும்பத்தில் யாருக்கும் கால் கிடையாது. இடுப்புக்குக் கீழே போனால் மறுபடியும் அதே ஆள் தலைகீழாக வந்துவிடுகிறார். சீட்டை எப்படிப் பிடித்தாலும் தலை மேலே இருக்கட்டும் என்று எவனோ சாமர்த்தியசாலி செய்த ஏற்பாடு, தைக்கிறவளைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? ராணிகளுக்குப் பிரச்சினை இல்லை, கவுனைத் தரைவரை விட்டால் தீர்ந்தது. மாஸ்டர்தான் முழித்தார். இரண்டு நாள் மோவாயைத் தடவிவிட்டு, நாலு ராஜாக்களுக்கும் முன்னால் மடிப்பு வைத்து, இஸ்திரி போட்ட கால்சட்டை தைத்தார். மேலே தங்கச் சரிகை, கீழே பார்த்தால் ஆபீஸில் கையெழுத்துப் போடப் போகிற குமாஸ்தா. மாஸ்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்காமல் சிரிக்கப் படாத பாடு பட்டாள்.

ராஜாக்களுக்கு அவர் கம்பளி நூலில் தாடியும் மீசையும் செய்தார். சிவப்பு இதயம் போட்ட ராஜாவுக்கு மட்டும் படத்தில் மீசையே இல்லை. அவர் கத்தியைத் தூக்கித் தன் மண்டையிலேயே செருகிக்கொள்வதுபோல நிற்கிறவர். மாஸ்டர் நாலு பேருக்கும் மீசை ஒட்டினார். அவள் பார்த்தாள், நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள்.

இளவரசர்கள் மட்டும் கயிற்றிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாள் ஓட ஓட அவளுக்கு உள்ளூரக் குஷி. கடைசி நேரத்தில் முழி பிதுங்கட்டும். கை பிசைந்துகொண்டு வந்து நிற்கட்டும். அப்போது பார்த்துக்கொள்ளலாம், ஒத்தாசை யாரென்று. சொல்லக் கூடாதுதான், ஆனால் அந்த நாலு சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் செயலாளர் பெரிய பெட்டியோடு வந்தார். தொங்கிய உடைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், வாயெல்லாம் பல்.

"பிரமாதம் மாஸ்டர். ராஜா நாலு. ராணி நாலு. ஜாக்கி எங்க?" என்று கயிற்றில் தொங்கிய நாலு சீட்டைக் காட்டினார்.

மாஸ்டர் அவளுடைய பக்கத்தைப் பார்த்தார். அவள் அவருடைய பக்கத்தைப் பார்த்தாள்.

"அவ எடுத்து வச்சிருப்பா" என்று அவரும், "அவரைக் கேளுங்க" என்று இவளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். செயலாளர் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பினார்.

"பொம்பளைத் துணியில நான் எதுக்குங்க கை வைக்கணும்?" என்றார் மாஸ்டர், செயலாளரிடம்.

மாஸ்டரம்மாவுக்கு விரதம் மறந்துபோனது. "யாரு பொம்பளை? அதுங்க நாலும் ஆம்பளைப் பசங்க" என்றாள், நேராக அவரைப் பார்த்து.

"ஆம்பளையா? அந்த முடியைப் பாரு. முகத்தைப் பாரு. ஒண்ணு கையில இலை வச்சுக்கிட்டு நிக்குது. இளவரசிங்க அது."

"ராஜாவுக்கும்தான் முடி சுருண்டு கிடக்கு. அவரும் பொம்பளையா?"

"அவருக்குத் தாடி மீசை இருக்குல்ல?"

"சிவப்பு ராஜாவுக்கு மீசை எங்க இருக்கு? நீங்களா ஒட்ட வச்சீங்க. சீட்டை ஒழுங்கா ஒரு தடவை பார்த்திருந்தா தெரியும்."

மாஸ்டர் அவசரமாகச் சீட்டை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அசடு வழிய வைத்தார். செயலாளர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஜாக்கின்னா ஆம்பளைதான் மாஸ்டர். பத்துக்கு மேல, ராணிக்குக் கீழ."

"ராஜாவோட மகன்தானே?" என்றாள் மாஸ்டரம்மா. வாரக்கணக்காக அவர்களைப் பெரிய இடத்துப் பிள்ளைகளாக நினைத்துப் பழகிவிட்டாள்.

"மகனும் இல்ல, மருமகனும் இல்லம்மா. சேவகன். ராஜாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு இருக்கறவன்." செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவன் வராம ராஜாவையும் ராணியையும் கையில வச்சுக்கிட்டு நான் எத்தனை ஆட்டம் தோத்திருக்கேன் தெரியுமா? நாளைக்குச் சாயங்காலம் விழா. காலையில வந்து எடுத்துக்கறேன், என்னைக் கைவிட்டுடாதீங்க."

செயலாளர் போய்விட்டார். சட்டப்படி பார்த்தால் தப்பு மாஸ்டருடையது. நாலு உடையும் அவர் பாடு. அவர் பச்சைத் துணியை விரித்தார், சாக்கட்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஒரு பகலில் ஒருத்தர் நாலு உடை முடிக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்? வந்தே விட்டது. ஆனால் குஷி மட்டும் வரவில்லை. போய் உதவினால், ஊரறிய அவள் கூடமாட ஒத்தாசைதான் என்று ஆகிவிடும். உதவாமல் உட்கார்ந்திருந்தால் கடையின் பேர் நாறிவிடும், அது அவளுடைய பேரும்தான். சனியன் பிடித்த ஜாக்கிகள்.

கடைசியில் அவளே எழுந்தாள்.

"மேல்பாதி நீங்க. கீழ்பாதி நான். இடுப்புல ஜாயின் பண்ணிக்கலாம். இது ஒத்தாசை இல்ல, சொல்லிட்டேன். பாதி வேலை என்னோடது."

"ஒத்தாசைன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான். அந்த கோட்டுக்காரர்கிட்ட. என் கவுனைப் பார்த்து, எல்லாம் நம்ம கைதான், அவ கூடமாட ஒத்தாசைக்கு இருக்கான்னு சொன்னீங்க."

மாஸ்டர் விழித்தார். "அப்படியா சொன்னேன்?"

"வாயில குண்டூசியோட சொன்னீங்க."

"அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன்."

"முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்டதான் மனசுல இருக்கறது வாய்ல வரும்."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மாஸ்டருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. காது மடல் சிவக்க, குனிந்து துணியில் கோடு போட ஆரம்பித்தார். இவளும் வற்புறுத்தவில்லை. மனதில் அந்த முள் அப்படியே இருந்தது. ஆனால் வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்கு முள்ளும் தெரியாது, முதுகுவலியும் தெரியாது.

"கால்சட்டைக்கு மடிப்பு வைக்கலாமா?" என்று கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

"எதுக்கு, ஆபீஸுக்கா போறான்?"

"ராஜாவுக்குக்கூட நான் வச்சேனே."

"அதைத்தான் இத்தனை நாளா பார்த்துப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

மாஸ்டர் கொக்கியில் தொங்கிய ராஜாக்களைத் திரும்பிப் பார்த்தார். முதலில் முறைத்தார், அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவள் ஜாக்கிகளுக்குத் தொடைவரை பம்மென்று உப்பிய கால்சட்டையும் அதற்குக் கீழே ஒட்டினாற்போல நீளக் காலுறையும் வெட்டினாள். அவர் முன்னால் கோடு கோடாக வைத்து மேல்சட்டை தைத்தார். பொழுது சாய்வதற்குள் நாலும் முடிந்தது. இடுப்பில் இணைத்துப் பார்த்தால் ஒரு நூல்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சிவப்பு ராஜாவின் மீசையை மாஸ்டர் தானே பிய்த்து எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் கிளப் கூடம் ஜேஜே என்று இருந்தது. மாடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். கீழே தரையில் கட்டம் போட்டு, நம்பர் அட்டையோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குலுக்கலில் பல் மருத்துவருக்கு ஜாக்கி விழுந்தது. அவருடைய நர்ஸுக்கு டைமன் ராஜா, கோடரியோடு. ஒல்லிக்குச்சி வங்கி மேலாளருக்குக் கிளாவர் ராணி. அவர் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒய்யாரமாக நடந்ததைப் பார்த்துக் கூடமே கொல்லென்று சிரித்தது. மாஸ்டரம்மா சுவரோரமாக ஊசிநூலோடு நின்றாள், எங்கேயாவது பிரிந்தால் தைக்க வேண்டுமே.

ஒரு உறுப்பினர் வரவில்லை. கோல் பிடிக்கிற அந்தக் கறுப்பு இஸ்பேட் ராணியின் உடை ஆளில்லாமல் நாற்காலியில் கிடந்தது. செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாஸ்டர் அகப்பட்டார்.

"நான் தையல்காரங்க" என்றார் மாஸ்டர்.

"இன்னைக்கு நீங்க இஸ்பேட் ராணி" என்று அவர் தலை வழியாக உடையை மாட்டியே விட்டார் செயலாளர். கிரீடம் வைத்தார்கள், ஒரு கையில் பூ, ஒரு கையில் கோல். மாஸ்டரம்மா தன் கையாலேயே பின்னால் நாடாவைக் கட்டினாள். கட்டும்போது பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

ஆட்டம் தொடங்கியது. செயலாளர் மைக்கில் பெயர் சொன்னால் அந்தச் சீட்டு கையை உயர்த்த வேண்டும். "இஸ்பேட் ராணி" என்றார். மாஸ்டர் கோலை உயர்த்தினார். உயர்த்தியவர் அப்படியே நின்றார். கையை இறக்கினார், மறுபடி உயர்த்தினார். இரண்டு கையையும் உயர்த்தினார். முன்னால் நீட்டினார், பக்கவாட்டில் விரித்தார், தோளைச் சுழற்றினார்.

"ராணி, போதும், உங்களை இப்ப கூப்பிடல" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செயலாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"ஒரு நிமிஷங்க. என் சட்டையெல்லாம் நானேதான் தைச்சுப் போட்டுக்கறேன். கையைத் தூக்கினா சட்டையும் கூடவே மேல ஏறும், அக்குள்ல பிடிக்கும். சட்டைன்னா அப்படித்தான்னு இத்தனை வருஷம் இருந்துட்டேன். இது ஏறல. பிடிக்கவும் இல்ல." கையை இன்னொரு முறை உயர்த்திக் காட்டினார். "இதுல என் கை படவே இல்ல. வெட்டினதும் அவதான், தைச்சதும் அவதான். அந்த அக்குள் வெட்டு எனக்கு வராதுங்க."

கூடத்தில் சிரிப்பு நின்றுபோனது. அத்தனை தலையும் சுவரோரம் திரும்பியது. மாஸ்டரம்மாவுக்குக் கையிலிருந்த ஊசியில் நூல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சந்தோஷம் என்றால் இப்படி இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாஸ்டர் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டத்தைத் தாண்டி, நேராக அவளிடம் வந்தார். மைக்கை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தருவியா?" என்று கேட்டது மாடம்வரைக்கும் எட்டியது.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், கை நீளத்தைக் கண்ணாலேயே அளந்தாள்.

"அளவு எடுக்கணும். கடைக்கு வாங்க."

"எப்போ கிடைக்கும்?"

"கையில நிறைய வேலை இருக்கு" என்றாள் தையல்காரி. "ஒரு வாரம் ஆகும்."